செம்பிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு?

எங்கள் பூனை செம்பி மெலிவு என்று மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் ஒழுங்கை முழுக்க ஒரு பேச்சு இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்து, "என்னகா புள்ள, பூனை இப்பிடிக் காஞ்சு போய்க் கிடக்கு, திங்கக் குடுக்கிற இல்லையா?" என்பார். ரியூசனுக்கு வருகிற பிள்ளைகளும் அதே கட்சிதான். ஆனால் செம்பி மெலிவும் இல்லை, பட்டினியும் இல்லை. கருத்தடை செய்த பெண் பூனை, எடை 3.6 கிலோ. அவளுடைய எலும்புக்கட்டுக்கு அது சரியான எடை. ஒழுங்கையிலுள்ள மற்றப் பூனைகள் எல்லாம் அளவுக்கு மிஞ்சிக் கொழுத்திருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் நின்றால் எந்தப் பூனையும் வறுமைப்பட்டதாகத்தான் தெரியும்.

ஆகவே ஒரு பூனைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு போட வேண்டும் என்பதை ஒரு தரம் ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன். நான் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவள். கணக்குப் போடாமல் எனக்குப் பேச வராது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிருக வைத்தியர்கள் பாவிக்கிற ஒரு சூத்திரம் இருக்கிறது. பூனை சும்மா படுத்துக் கிடந்தாலும் மூச்சு விடவும் இதயம் துடிக்கவும் உடம்புச் சூட்டைக் காக்கவும் எவ்வளவு சக்தி வேண்டும் என்று அது சொல்லும். எடையைக் கிலோவில் எடுத்து, அதை 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்தி, 70ஆல் பெருக்க வேண்டும். அடுக்கு என்றதும் முகம் சுளிக்காதீர்கள், பலசரக்குக் கடைக் கல்குலேட்டரே இதற்குப் போதும். எடையை மூன்று தரம் எழுதிப் பெருக்குங்கள். அப்புறம் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தரம் அழுத்துங்கள். முடிந்தது. செம்பிக்கு 3.6 × 3.6 × 3.6 = 46.656. முதல் வர்க்கமூலம் 6.83, இரண்டாவது 2.61. அதை 70ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 183 கிலோகலோரி. பேச்சில் நாம் கலோரி என்றே சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன்.

நேராக எடையை ஒரு எண்ணால் பெருக்கினால் என்ன என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். 3 கிலோப் பூனைக்கு இந்தக் கணக்கில் 160 வரும், 6 கிலோப் பூனைக்கு 268தான் வரும். எடை இரண்டு மடங்கானால் பசியும் இரண்டு மடங்காகாது. பெரிய பூனைக்காரர்கள் ஏமாறுகிற இடம் இதுதான்.

அந்த 183 படுத்துக் கிடக்கிற பூனைக்கு. நடமாட்டத்துக்கும் சேர்க்க வேண்டும் அல்லவா? கருத்தடை செய்த வளர்ந்த பூனைக்கு 1.2ஆலும், செய்யாததுக்கு 1.4ஆலும் பெருக்குவார்கள். வளர்கிற குட்டிக்கு 2.5 வரை போகும். செம்பிக்கு 183 × 1.2, கிட்டத்தட்ட 220. கருத்தடைக்குப் பிறகு உடம்பு கேட்கிற சக்தி ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும், ஆனால் பசி கூடிவிடும். சத்திர சிகிச்சை முடிந்து வந்த பூனை மீது எல்லோருக்கும் இரக்கம் வேறு. ஊரில் கருத்தடை செய்த பூனைகள் ஊதிப்போவதற்குக் காரணம் இந்த இரண்டும்தான், ஊசி மருந்தில்லை.

இது தொடங்குவதற்கான எண் மட்டுந்தான். ஒரே எடையுள்ள இரண்டு பூனைகளுக்கு நடுவில்கூட நல்ல வித்தியாசம் இருக்கும். சரியா பிழையா என்பதைக் கைதான் சொல்லும். பூனையின் விலாவில் அழுத்தாமல் விரலை ஓட்டிப் பாருங்கள். உங்கள் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, அப்படித் தட்டுப்பட்டால் நல்லது. பொத்திய கையின் மொளி மாதிரி துருத்தினால் மெலிவு. உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்து எலும்பைத் தேட வேண்டி வந்தால் கொழுப்பு. மேலிருந்து பார்க்க இடுப்பு கொஞ்சம் உள்ளே ஒடுங்க வேண்டும். பின்னங்காலுக்கு முன்னால் தொங்குகிற தோல்மடிப்பைக் கண்டு பயப்படாதீர்கள், மெலிந்த பூனைக்கும் அது தொங்கும்.

எடை பார்ப்பது தனிக் கூத்து. குளியலறைத் தராசில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி, அப்புறம் தனியே ஏறிக் கழிக்கலாம் என்பார்கள். மனிதர் எடை பார்க்கிற தராசு நூறு இருநூறு கிராம் அங்கே இங்கே காட்டும். நாலு கிலோப் பூனையில் அது பெரிய பிழை. நான் காலையில் மோட்டார் சைக்கிளில் வருகிற மீன்கார அண்ணனின் தொங்கு தராசை வாங்கிக்கொள்கிறேன். செம்பிக்கு ஒரு பழைய பன்பை இருக்கிறது. நிலத்தில் வைத்தால் தானாக உள்ளே போய்ச் சுருண்டுகொள்வாள். கைபிடியைக் கொக்கியில் மாட்டித் தூக்கினால் முள் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஆடும், பை மெதுவாகச் சுற்றும், விளிம்பால் ஒரு காது மட்டும் வெளியே தெரியும். மீன் வாசம் தராசிலேயே ஊறியிருப்பதால் அவள் மூக்கு அந்தப் பக்கமே நிற்கும். முள் நிற்கும் மட்டும் அண்ணன் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்பார். "ரீச்சர், கிலோ என்ன விலைக்குப் போடுவம்?" என்று ஒவ்வொரு தரமும் கேட்பார். பையின் எடையைக் கழித்தால் விடை வந்துவிடும். மாதம் ஒரு தரம் போதும்.

சரி, 220 கலோரியை எதில் கொடுப்பது? கடையில் பையாக விற்கிற உலர் சாப்பாட்டில் சிலதில் கலோரி அச்சடித்திருக்கும், பலதில் இருக்காது. புரதம், கொழுப்பு, நார், ஈரம் என்று சதவீதங்கள் மட்டும் இருக்கும். அதிலிருந்தே எடுத்துவிடலாம். எங்கள் வீட்டுப் பையில் புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 12, சாம்பல் (எரித்தால் மிஞ்சுகிற தாதுப்பொருள்) 9. கூட்டினால் 65. நூறில் மிச்சம் 35, அதுதான் மாச்சத்து. புரதத்தையும் மாச்சத்தையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 105, 122.5, 85. மொத்தம் 312.5. நூறு கிராமில் அவ்வளவு கலோரி. விலை கூடிய பைகளில் இது 400க்குக் கிட்டப் போகும். அப்படியென்றால் இரண்டு பைக்கும் ஒரே அளவுக் கிண்ணம் சரிவராது என்பது விளங்குகிறதா? பை மாற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். செம்பி உலர் சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டால் நாளுக்கு 70 கிராம் போதும். பார்க்க ஒரு கைப்பிடி மாதிரித்தான் இருக்கும். மாமி கண்டால் பொலிசுக்குப் போய்விடுவார்.

ஒவ்வொரு நாளும் தராசு வைத்து நிறுக்க யாருக்கும் நேரம் இல்லை. கழுவிய யோகட் கப் ஒன்றை வைத்திருக்கிறேன். வழித்து நிரப்பினால் எங்கள் பைச் சாப்பாடு 35 கிராம் பிடிக்கிறது. ஈரச் சாப்பாடு வாங்குகிறவர்களுக்கு, 85 கிராம் பக்கற்றில் பெரும்பாலும் 70க்கும் 90க்கும் இடையில் கலோரி இருக்கும். மூன்று பக்கற் ஒரு நாளை மூடிவிடும். மாதம் முழுக்க அதையே கொடுக்க என் சம்பளம் காணாது.

இங்கே மட்டக்களப்பில் மீனைப் பற்றிப் பேசாமல் பூனைச் சாப்பாட்டைப் பற்றிப் பேச முடியாது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் நாங்கள். மீன்கார அண்ணன் வந்து நின்றால் ஒழுங்கைப் பூனைகள் எல்லாம் மோட்டார் சைக்கிளைச் சுற்றி மாநாடு கூட்டும். 'பூனைக்கு' என்று சொன்னால் உடைந்த சூடை மீனில் ஒரு பிடி சும்மா போட்டுவிடுவார். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்த நாட்களில் மட்டுந்தான் அந்த வழமை நின்றது. அந்த நேரம் பைச் சாப்பாட்டின் விலையும் ஏறி, பூனை வளர்த்தவர்கள் பட்ட பாடு தனிக்கதை.

சூடை போன்ற கொழுப்பு மீனில் நூறு கிராம் சதைக்கு 140 கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். திலாப்பியா மாதிரி வெள்ளைச் சதை மீனில் நூறுக்குள்தான் வரும். செம்பிக்குப் பாதி உலர் சாப்பாடு, பாதி மீன். காலையில் ஒரு யோகட் கப், 110 கலோரி. பின்னேரம் நடுத்தரச் சூடை நாலைந்து, முள் எடுத்து 80 கிராமுக்குக் கொஞ்சம் குறைய, இன்னொரு 110. முழுக்க மீனிலேயே ஏன் முடிப்பதில்லை என்று கேட்பீர்கள். சூடை, நெத்தலி போன்ற மீன்களில் பச்சையாக இருக்கும்போது வைற்றமின் பி1ஐ அழிக்கிற நொதியம் ஒன்று உண்டு. நாளாந்தம் பச்சை மீனே தின்கிற பூனைக்கு அந்த வைற்றமின் குறைந்து, தலை நெஞ்சுப் பக்கம் குனிந்துவிடும், தள்ளாடும், வலிப்பும் வரும். அவித்தால் நொதியம் செத்துவிடும். ஆனால் கொழுப்பு மீனே சாப்பாடாகிவிட்டால் வைற்றமின் ஈ பற்றாமல் உடம்பிலுள்ள கொழுப்பு அழன்று வலி கொடுக்கும், தொட விடாது. முள் எடுத்த மீனில் கல்சியமும் காணாது. இந்தக் குறைகளை எல்லாம் பைச் சாப்பாடு ஈடுகட்டுகிறது. வள்ளத்தடியில் விழுந்த ஒரு மீனைப் பச்சையாகத் தின்றதற்காக எந்தப் பூனைக்கும் ஒன்றும் ஆகிவிடாது. அதையே மூன்று நேரச் சாப்பாடாக்கினால்தான் சிக்கல்.

அவிக்கும்போது கொஞ்சத் தண்ணீர் விட்டு, உப்பில்லாமல் அவித்து, அந்தத் தண்ணீரையும் சேர்த்து ஊற்ற வேண்டும். பூனைக்குத் தேவையான டோரின் என்ற பொருள் தண்ணீரில் கரைந்து வந்துவிடும். அது குறைந்தால் கண் கெடும் என்று 1975இலும், இதயம் பலவீனப்படும் என்று 1987இலும் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தாவரச் சாப்பாட்டில் டோரின் இல்லை, நாய்ச் சாப்பாட்டில் பூனைக்குப் போதுமான அளவு இருக்காது. நாய் வளர்க்கிற வீட்டில் ஒரே பையை இரண்டுக்கும் போடுகிற சிக்கனம் வேண்டாம்.

கறிச்சட்டிக்குப் போன மீனைப் பூனைக்குக் கொடுக்கக்கூடாது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும், அதிலும் உள்ளி மோசம். குழம்பில் கரைந்ததும் சேர்த்திதான். இதை அம்மம்மாவிடம் சொன்னபோது, "நாங்க சின்னனில இருந்து கறிச்சோறு போட்டுத்தானே வளத்த, எந்தப் பூனை செத்த?" என்றா. அந்தக் காலத்துப் பூனை எத்தனை வயது மட்டும் இருந்தது என்று கேட்டேன். பதில் வரவில்லை, பாக்கு வெட்டுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது.

எங்கள் வீட்டில் உண்மையான சிக்கல் இந்தக் கணக்குகள் எதிலும் இல்லை, கொடுக்கிற கைகளில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை விறாந்தையில் இருந்து, செம்பியின் வாய்க்குள் கணக்கில்லாமல் போனதை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். அம்மம்மாவின் சோற்று உருண்டை ஒன்று, 40 கலோரி. ரியூசன் பிள்ளை கொடுத்த கிறீம் கிறேக்கர், 35. மாமி வேலிக்கு மேலால் போட்ட பொரித்த சூடை, எண்ணெயோடு 55. அம்மா தேத்தண்ணிக்கு வைத்திருந்த பாலில் ஒரு வாய், 30. கூட்டினால் 160. நாளுக்குரிய 220இல் முக்கால் பங்குக்குக் கிட்ட வந்துவிட்டது, அவளுடைய கோப்பையில் நான் இன்னும் ஒன்றும் போடவில்லை. யாரைக் கேட்டாலும் 'நான் ஒரு துண்டுதானே குடுத்த' என்பார்கள். எல்லோரும் சொல்வது உண்மையும்தான்.

இடையில் கொடுக்கிறது நாளின் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பார்கள். செம்பிக்கு அது 22 கலோரி, முழுதாக ஒரு கிறீம் கிறேக்கர்கூட இல்லை. இன்னொன்று, பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. அதற்கான மரபணு பூனைக் குடும்பத்தில் வேலை செய்வதில்லை என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். பிள்ளைகள் ஆசையாகக் கொடுக்கிற சொக்லட் பிஸ்கட்டில் அதுக்குப் பிடிப்பது கொழுப்புத்தான், சொக்லட்டோ அதுக்கு நஞ்சு. பாலும் அப்படித்தான். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாற்சீனி சமிக்காது, வயிற்றால் போகும். தண்ணீர் போதும்.

கொடுக்காதே என்று சொல்லி ஒரு வீட்டில் யாரும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. அதனால் நான் தடை போடவில்லை, போத்தல் வைத்தேன். காலையில் உலர் சாப்பாட்டு யோகட் கப்பை ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் கொட்டி விறாந்தை மேசையில் வைத்துவிடுவேன். கோப்பையில் பாதி போட்டது போக மிச்சம் எல்லோருக்கும் பொது. பிள்ளைகள் வந்தால் அதிலிருந்து இரண்டு மணி எடுத்துப் போடலாம், அம்மாவும் போடலாம். போத்தல் வெறுமையானால் அன்றைக்கு முடிந்தது. செம்பிக்கும் இது பிடித்திருக்கிறது. பூனையின் வயிறு சிறியது, காட்டில் விட்டால் நாளுக்கு ஏழெட்டுச் சுண்டெலி என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்னும். ஒரு சுண்டெலியில் 30 கலோரி. பெருக்கிப் பாருங்கள், நம்முடைய 220 அங்கேயே வந்து நிற்கும்.

மாமியிடம் வேறு உடன்பாடு. கறி வைக்க முன்னம், உப்பு மிளகாய் போட முன்னம் ஒரு சூடையை அவித்து எடுத்து வைக்கச் சொன்னேன். அதைக் கொடுத்த நாளில் எனக்கு வேலியால் கத்திச் சொல்ல வேண்டும், நான் பின்னேரப் பங்கில் கழித்துக்கொள்வேன். மாமி கத்துவதற்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை.

பின்னேர மீன் அம்மம்மாவின் பொறுப்பு. கண் இப்போது சரியில்லை, ஆனால் முள் எடுக்க அவவுக்குக் கண் வேண்டாம். ஆறிய சூடையைத் தட்டில் வைத்து, வயிற்றுப் பக்கத்தைப் பெருவிரலால் விரித்து, வாலடியில் பிடித்து நடுமுள்ளை ஒரே இழுவையாக உரித்து எடுப்பா. அப்புறம் சதையை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டி உருட்டிப் பார்ப்பா. மயிர்முள் ஒன்று தட்டுப்பட்டால் சேலைத் தலைப்பில் துடைத்து எறிவா. சோற்று உருண்டை நின்றுபோன கவலை இதில் தீர்ந்துவிட்டது. சோறு நஞ்சில்லை, நூறு கிராமில் 130 கலோரி இருக்கிறது, பூனைக்கு வேண்டியது அதில் அதிகம் இல்லை என்பதுதான் குறை.

எங்கள் ஒழுங்கை முனைக் கடையில் ஒரு கடுவன் இருக்கிறது, 6 கிலோவுக்கு மேல். கடைக்காரத் தம்பி அதைப் பற்றிக் கேட்டபோது சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். இப்போதைய எடைக்குக் கணக்குப் போடக்கூடாது, இருக்க வேண்டிய எடைக்குப் போட வேண்டும். 4.5 கிலோ என்று வைத்தால் 216. மெலிய வைக்க அதை 0.8ஆல் பெருக்குவார்கள், 173. ஆனால் நாளையிலிருந்து சட்டென்று குறைக்கக்கூடாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பு முழுக்க ஈரலில் போய்ப் படிந்து உயிருக்கே வந்துவிடும். வாரத்துக்கு எடையில் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் போதும், 6 கிலோவில் அது 60 கிராம். பூனை ஒரு நாள் முழுக்க ஒன்றும் தொடவில்லை என்றால் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். 'விரதம் பிடிக்கிது' என்று பகிடி விட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

கச்சான் காற்று வீசுகிற வெக்கை மாதங்களில் செம்பி தானாகவே குறைத்துத் தின்பாள், சீமெந்துத் தரையில் நீட்டிப் படுத்துக் கிடப்பாள். போத்தலில் மிஞ்சினால் மிஞ்சட்டும் என்று விட்டுவிடுவேன். ஆனால் தண்ணீர்ச் சட்டிகளை அதிகமாக்க வேண்டும். உலர் சாப்பாட்டில் ஈரம் பத்துப் பன்னிரண்டு வீதந்தான், பூனைக்கோ தாகம் இலகுவில் தெரியாது. கடுவன் பூனைகளுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்கிற ஆபத்தும் உண்டு. மாரியில் கடல் கொந்தளித்து மீன் வராத நாட்களில் அவித்த முட்டை ஒன்று 70 கலோரி, தோலில்லாத அவித்த கோழி 100 கிராம் 165 கலோரி என்று மாற்றிக்கொள்வேன். கோழி ஈரல் எப்போதாவது ஒரு துண்டு போதும். நாளாந்தம் கொடுத்தால் வைற்றமின் ஏ கூடி முதுகெலும்பு இறுகிப்போகும்.

போன கிழமை ஒரு பிள்ளையின் அம்மா, வீட்டில் பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது, எத்தனை யோகட் கப் என்று கேட்டா. பால் கொடுக்கிற பூனைக்கு இந்தக் கணக்கு ஒன்றும் வேண்டாம். சாதாரணமாகத் தின்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு தின்னும், குட்டி கூடினால் இன்னும் கூடும். குட்டிகளுக்கான பைச் சாப்பாட்டை வாங்கிக் கோப்பை வெறுமையாகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். குட்டிகள் பால் மறந்த பிறகு நாலு மாத வயது வரை நாளுக்கு நாலு நேரம், ஆறு மாத வயது வரை மூன்று நேரம். தாய்ப்பூனைக்கு அளவுக் கப் குட்டிகள் பால் மறந்த பிறகுதான், அதுவும் கருத்தடை செய்த கையோடு.